வலியும் நோவும்

(வானொலி இலக்கியத் தொடரில் இந்துக் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே எனக்கு முன்னர் உரையாற்றியவர்கள் கவிதை பற்றியும் நாவல் பற்றியும் பேசினார்கள். நான் இரண்டே இரண்டு சொற்களைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். ஒன்று வலி. மற்றது நோ. இரண்டுமே என் தலைக்குள் குடியிருந்தவை. முன்னது போய்விட்டது. பின்னது இன்னும் இருக்கிறது.

நான் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் இடது காதுக்கு மேலே, தலைமயிருக்குள், கேள்விக்குறி வடிவில் ஒரு தழும்பு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு வலிப்பு நோய்க்காக என் மண்டையோட்டைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்தத் தழும்பைப் பற்றி இத்தனை பேர் கேட்க நான் பேசுவது இதுவே முதல் தடவை.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’. அங்கே வலி என்றால் பலம். தோணிக்காரர் துடுப்பு வலிக்கிறார் என்கிறோம். அங்கே வலித்தல் என்றால் இழுத்தல். உடம்பைப் பிடித்து இழுப்பதனால் அந்த நோய்க்கு வலிப்பு என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் வலி என்றால் வேதனை. என் தாயார் பேசிய தமிழிலோ வலி என்றால் வலிப்பு மட்டுந்தான். “பெடியனுக்கு வலி வந்திட்டுது” என்று அவர் குரல் எழுப்பினால் அயல் முழுவதும் ஓடி வரும். வேதனைக்கு அவரிடம் இருந்த சொல் நோ. பல்லு நோ, முழங்கால் நோ, வயிற்று நோ. தலைக்கு மட்டும் தனிச் சொல் வைத்திருந்தார்: தலையிடி.

இந்தச் சொல் வேறுபாடு ஒருநாள் என் உயிரோடு விளையாடப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நான் 1980இல் பிறந்தவன். இரண்டு வயதில் கடுங்காய்ச்சலோடு நெடுநேரம் வலித்ததாம். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றுமில்லை. பதினான்காவது வயதில் அது திரும்பி வந்தது. முதலில் வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும். மயிர் கருகுவது போல ஒரு மணம் வரும். அதற்குப் பிறகு நடப்பது மற்றவர்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அந்தச் சனத்திரளுக்குள் நாங்களும் நடந்தோம். நாவற்குழிக்கு அண்மையில், மழையில், எனக்கு வலி வந்தது. கையில் இரும்பு கொடுத்தால் வலி நிற்கும் என்பது எங்களவர் நம்பிக்கை. அம்மாவிடம் இருந்த ஒரே இரும்பு, பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்புக் கோர்வை. அதை என் கைக்குள் வைத்து அழுத்தினாராம். நான் கண் விழித்தபோது உள்ளங்கையில் எங்கள் வீட்டுத் திறப்பின் அடையாளம் பதிந்திருந்தது.

இந்த இடத்தில் இலக்கியத்தைச் சற்று ஒதுக்கிவைத்து ஒன்று சொல்ல வேண்டும். இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருந்த இரும்புக்குப் புகழ் போய்ச் சேருகிறது. செய்ய வேண்டியது எளிமையானது. விழுந்தவரைப் பக்கவாட்டில் சரித்து விடுங்கள். தலைக்குக் கீழே மெதுவான ஒன்றை வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ எதையும் வைக்காதீர்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு இரும்பைவிட இன்னொன்றில் நம்பிக்கை அதிகம். வலிப்பு நோய்க்குப் பழைய பெயர் முயலகன். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகளைப் பிடித்திருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தை அம்மா வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றிப் பாடுவார். பாடி முடித்ததும் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அன்றைய குளிசையையும் தருவார். அந்தக் காலத்தில் வடக்கில் மருந்துக்குப் பெருந்தட்டுப்பாடு. குளிசைகளை ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு எண்ணி எண்ணி வைத்திருப்பார். பதிகத்தையும் குளிசையையும் அவர் ஒருபோதும் ஒன்றுக்கு ஒன்று எதிராக நிறுத்தியதில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் சொல்லித் தந்தார்: “வெளியில சொல்லிப் போடாதை.” நானும் சொல்லவில்லை.

2010இல் எனக்குத் திருமணம் பேசினார்கள். பெண் வீட்டாருக்குச் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை என்று இங்கே பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் தப்பலாம். எனக்கு முப்பது வயது, பட்டம் பெற்றவன், ஆசிரியன். பொய் பேசாதே என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன். மறைத்தவன் நான்தான். திருமணமாகிப் பன்னிரண்டாம் நாள் அடுப்படி வாசலில் விழுந்தேன். நினைவு வந்தபோது மனைவி என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எத்தினை வயசிலயிருந்து?”

“பதினாலு.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழமை என்னோடு பேசவுமில்லை. எட்டாம் நாள் காலையில், “இண்டைக்குக் குளிசை போட்டிட்டியளோ?” என்று கேட்டார். எங்கள் இல்லறம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது.

நேயர்களே, வலிப்பு நோயாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகள் சரிவரக் கேட்பதில்லை. நான் அந்தப் பங்கினன். மூன்று வகைக் குளிசைகள் போட்டும் மாதம் நான்கைந்து தடவை வந்தது. ஸ்கான் செய்து பார்த்த நிபுணர் காரணத்தைக் காட்டினார். இடது பொட்டுக்கு உட்புறமாக மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கித் தழும்பேறியிருந்தது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லின் பொருள் கடற்குதிரை. அதன் வடிவம் அப்படி. குழந்தையில் வந்த அந்த நீண்ட காய்ச்சல் வலிப்பு அங்கே வடுவை விட்டிருக்கலாம் என்றார். அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் குணமாக வாய்ப்புண்டு என்றும் சொன்னார்.

வாய்ப்பு என்றால் எவ்வளவு? கனடாவில் 80 நோயாளர்களை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வொன்று 2001இல் வெளியானது. ஓராண்டு முடிவில், சத்திரசிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 58 பேருக்கு நினைவிழக்கச் செய்யும் வலிப்பு இல்லை. மருந்துப் பிரிவில் அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான். இந்த இரண்டு எண்களையும் மனைவியிடம் சொன்னேன். இந்தியாவுக்குப் போவதற்குக் காசு வேண்டும். அவருக்குச் சீதனமாக வந்த காணியில் ஒரு துண்டை விற்றோம். நோயை மறைத்து வாங்கிய சீதனம் அது. அந்தக் காணி உறுதியில் அவர் கையொப்பமிட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போவதற்கு முன்னர் என்னால் முடிந்ததைச் செய்தேன், வாசித்தேன். ஹங்கேரிய எழுத்தாளர் ஃபிரிட்யெஸ் கரின்தி, புடாபெஸ்ற் நகரக் கோப்பிக் கடையொன்றில் இருந்தபோது இல்லாத புகையிரதங்களின் இரைச்சலைக் கேட்டவர். அவருக்கு வலிப்பல்ல, மூளையில் கட்டி. 1936இல் சுவீடனில் ஒலிவெக்ரோனா என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விறைப்பு ஊசி மட்டும் போட்டு, அவர் விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்தார். அந்த அனுபவத்தை அவர் 1937இல் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே காலமானார். தன் மூளையில் கத்தி படும்போது அதைக் கவனித்துக்கொண்டிருந்து, பிறகு நகைச்சுவையோடு எழுதிய மனிதர்!

இன்னொருவர் கதை என்னை உறங்கவிடவில்லை. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையின் இரு பக்கங்களிலும் அந்தக் கடற்குதிரைப் பகுதியை எடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பல ஆண்டுகளாகத் தன்னைச் சோதித்த ஆய்வாளர்களைக்கூட ஒவ்வொரு நாளும் புதிதாகச் சந்தித்தார். 2008இல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது. அவருக்கு நேர்ந்ததை அறிந்த பின்னர், இரு பக்கமும் எடுக்கும் அந்த வழி கைவிடப்பட்டது. எனக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்தவர்கள், மறுபக்கம் நன்றாக இயங்குகிறதா என்று பல நாள் சோதித்த பிறகே எடுத்தார்கள். அவருடைய இழப்பின் மேல் நின்றுதான் என் போன்றவர்களுக்குச் சிகிச்சை நடக்கிறது.

என்னுடையது இடது பக்கம். பெரும்பாலானோருக்கு மொழி இருக்கும் பக்கம் அது. “பெயர்கள் ஞாபகம் வருவதில் சிரமம் ஏற்படலாம்” என்று முன்கூட்டியே சொல்லி ஒப்பம் வாங்கினார்கள். ஒப்பமிட்டேன். தமிழாசிரியன் ஒருவன் எதில் ஒப்பமிடுகிறான் என்பது அந்த வேளையில் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

இனி அந்தத் தாதியின் கதைக்கு வருகிறேன். சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்திருக்கிறேன். தலையைச் சுற்றிக் கட்டு. உள்ளே உலக்கை கொண்டு இடிப்பது போல இருந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தாதியொருவர் வந்து அன்பாகக் கேட்டார்: “வலி இருக்காங்க?”

“இல்லை. ஒருக்காலும் வரேல்லை” என்றேன்.

நல்லது என்று குறித்துக்கொண்டு போனார். மறுபடி வந்து கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். தமிழ்நாட்டில் வலி என்றால் வேதனை என்று தமிழாசிரியனான எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மயக்கம் முற்றாகத் தெளியாத அந்த வேளையில் புத்தகத் தமிழ் எழும்பவில்லை. அம்மாவின் தமிழ்தான் எழும்பியது. வலிப்பு வந்ததா என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். வரவில்லையே என்ற மகிழ்ச்சியோடு பதிலும் சொன்னேன். இப்படி ஒன்றரை நாள் கழிந்தது. கடைசியில் மனைவி பொறுக்கமாட்டாமல், “இவருக்குத் தலை இடிக்குதாம்” என்றார். தாதி பதறிப்போனார். “ஐயோ, இடிச்சுக்கிட்டாரா? எங்கே இடிச்சுக்கிட்டார்? கட்டில்லயா?”

பிறகு மூவரும் சிரித்தோம். சிரித்தால் தலை இன்னும் இடித்தது. ஐந்தே நிமிடத்தில் மருந்து வந்தது. ஒன்றரை நாளாக நான் அனுபவித்த வேதனைக்கு என் குறிப்பேட்டில் பூச்சியம் என்று எழுதப்பட்டிருந்தது.

ஊருக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு வலிப்பும் வரவில்லை. இதை நன்றியோடு சொல்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறேன். தெருவில் விழுந்துவிடுவேனோ என்ற பயமின்றி வகுப்புக்குப் போகிறேன். ஆனால் தலையிடி போகவில்லை.

மூளைக்கு நோ தெரியாது என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. உடம்பின் நோவை எல்லாம் உணரும் அந்த உறுப்புக்குத் தன் நோவை உணரும் நரம்புகள் இல்லை. நோவது அதைச் சுற்றியுள்ள தோலும், பொட்டுத் தசையும், மூளையை மூடிய சவ்வும். மண்டையைத் திறந்து ஏழு நாட்களுக்குள் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தலையிடிக்குச் சர்வதேசத் தலையிடிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டில் தனி இடமே உண்டு. ஆகவே நான் தனியாள் அல்ல. ஆனால் நோகும்போது எல்லோரும் தனியாள்தான்.

வலிப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தலையிடி தெரியாது. சந்தையில் காண்பவர்கள், “இப்ப சுகம்தானே?” என்று கேட்பார்கள். அது கேள்வியல்ல, பதிலையும் சேர்த்துக்கொண்டு வரும் வாக்கியம். ஓம் என்று சொல்லிவிட்டு வருவேன். இல்லையென்றால் காணி விற்ற காசுக்கும், மனைவியின் அலைச்சலுக்கும், நாற்பது நாள் நேர்த்தி வைத்த அம்மாவுக்கும் நான் நன்றி கெட்டவனாகிவிடுவேன் போலிருந்தது. வலிப்பை மறைத்தவன் இப்போது தலையிடியை மறைக்கத் தொடங்கினேன். காற்சட்டைப் பையில் பரசிற்றமோல் இல்லாமல் நான் பாடசாலைக்குப் போனதில்லை.

வேறு மாற்றங்களும் இருந்தன. வாயை முழுதாகத் திறக்க மாதங்கள் எடுத்தன. வெட்டிய தசை வாயை மூட உதவும் தசை. பார்வையில் வலது மேல் மூலை மறைந்து போயிற்று. கரும்பலகையின் வலது மேல் மூலையில் முதல் நாள் திகதி அழிபடாமல் இருக்கும். நான் அதைக் காணாமலே பாடம் நடத்துவேன். பிள்ளைகள் பேசாமல் எழும்பி வந்து திகதியை மாற்றிவிட்டுப் போவார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது சொல் வராமை. கிணற்றடியில் நின்று மகளிடம், “அதை எடுத்து வாங்கோ... தண்ணி அள்ளுறது... கைபிடி உள்ளது...” என்று தடுமாறுவேன். “வாளியோ அப்பா?” என்று அவள் சிரிப்பாள். வீட்டில் அது விளையாட்டு. வகுப்பிலே அது விளையாட்டல்ல. ஒருநாள் குறிஞ்சித் திணை நடத்திக்கொண்டிருக்கிறேன். பாரியின் நண்பர், பறம்பு மலைக்காரர், பன்னிரண்டு ஆண்டுகளாக நான் கற்பித்த புலவர். பெயர் வரவில்லை. அவரைப் பற்றி எல்லாம் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கு வியர்த்தது. கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் மெல்லச் சொன்னான்: “கபிலர், சேர்.”

தலையிடியைத் தணிக்கவென்று அந்தக் காலத்தில் ஒரு குளிசையை மாற்றித் தந்திருந்தார்கள். டொபிரமேற் என்பது அதன் பெயர். வலிப்பையும் ஒற்றைத் தலையிடியையும் தடுக்கக்கூடியது. ஆனால் சிலருக்குச் சொல் தேடுவதைக் கடினமாக்கும் பக்கவிளைவும் அதற்கு உண்டு. ஏற்கனவே சொல் இழந்தவனிடம் எஞ்சியிருந்ததையும் அது கேட்டது. சொல்லை எடுத்துக்கொண்டு தலையைத் தருகிறாயா, தலையிடியோடு சொல்லை வைத்திருக்கிறாயா என்பது போன்ற பேரம். நான் வைத்தியரிடம் சொல்லை வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் வேறு மருந்துக்கு மாற்றினார்.

அதிபர் நல்ல மனிதர். என் நிலையைக் கண்டு, “சேர், நூலகப் பொறுப்பை எடுக்கிறீங்களோ? அமைதியான வேலை” என்றார். இரக்கத்தோடு சொன்னார். அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் உயர்தர வகுப்புக்குப் போய்க் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு இருந்தது என்று சொன்னேன். தலையைத் திறந்தார்கள் என்று சொன்னேன். பெயர்கள் வருவதில்லை, தலை இடிக்கிறது என்று சொன்னேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக மறைத்ததைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடங்கூடப் பிடிக்கவில்லை.

அந்தக் கடைசி வாங்கு மாணவன் எழும்பினான். “சேர், பேர் வராட்டி எங்களுக்குச் சைகை காட்டுங்கோ. நாங்கள் சொல்லுறம். எங்களுக்கும் பாடமாகும்.” அப்படித்தான் நடந்தது. நான் கையை உயர்த்துவேன். வகுப்பு பெயரைச் சொல்லும். அந்த ஆண்டு அவர்களுக்குப் புலவர் பெயர்கள் ஒன்றும் தப்பவில்லை. நூலகத்துக்கு நான் போகவில்லை.

ஆங்கில எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃப் நோயுற்றிருத்தல் பற்றி 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். காதலைச் சொல்ல நிறைந்த மொழி, தலையிடியை வைத்தியருக்குச் சொல்லப் போகும்போது வறண்டுவிடுகிறது என்பது அவருடைய முறைப்பாடு. மொன்றியலில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் நோயாளர் வாய்ச்சொற்களைத் தொகுத்து, 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து, 1975இல் ஒரு வினாக்கொத்தாக வெளியிட்டார். நோவைச் சொல்லின் வழியாக அளக்கும் முயற்சி அது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “தமிழில எத்தினை சேர்?”

எனக்குத் தெரியவில்லை. எங்கள் மருத்துவ மரபு சிறியதல்ல. பரராசசேகரத்தில் தலை நோய்களுக்கென்றே சிரரோக நிதானம் என்ற பகுதி உண்டு. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் பணி செய்த டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்து, சத்திரசிகிச்சை நூலை ‘இரண வைத்தியம்’ என்று தமிழாக்கியவர். ஆனால் நோகிறவரின் வாய்ச்சொல் வேறு. அதைப் பாட்டிமாரிடந்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளை அனுப்பினேன். ஆறு கிழமைகளில் நாற்பத்து மூன்று சொற்களோடு வந்தார்கள். இடி, குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, கொதி, விறைப்பு, பிளக்குது, வெடிக்குது, அமத்துது, சுள்ளெண்டு, விண்விண்ணெண்டு. ஒவ்வொன்றும் வேறு. குத்து வந்து வந்து போகும். உளைவு எலும்புக்குள் ஆழத்தில் கிடக்கும். இடி நாடித் துடிப்போடு தாளம் போடும்.

அந்தப் பட்டியலை வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என்னிடம் இருந்தது ஒரு தலையிடி அல்ல, இரண்டு. தழும்பில் சீப்புப் பட்டால் சுள்ளென்று ஏறுவது ஒன்று. இடது கண்ணுக்குப் பின்னால் இடிப்பது, வெளிச்சம் பட்டால் கூடுவது மற்றது. இவ்வளவு காலமும் கிளினிக்கில் “தலையிடி” என்ற ஒரே சொல்லையே சொல்லி வந்திருக்கிறேன்.

இரண்டையும் பிரித்து வைத்தியரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தழும்பை விரலால் தடவி, சுள்ளென்ற இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த நரம்புக்கு விறைப்பு ஊசி ஏற்றினார். முதல் வகை பெருமளவு தணிந்தது. பிறகு, “மாதத்தில் எத்தனை நாள் குளிசை போடுறீங்கள்?” என்று கேட்டார்.

“இடைக்கிடை” என்றேன்.

மனைவி கைப்பையைத் திறந்து கலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். எனக்குத் தெரியாமல், நான் தலையைப் பிடிக்கும் நாட்களில் எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். குளிசை போட்ட நாளில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. முந்திய மாதத்தில் இருபத்திரண்டு வட்டங்கள், இருபது புள்ளிகள். நான் மறைத்ததாக நினைத்த ஒன்றும் மறைந்திருக்கவில்லை.

நோவுக்கான சாதாரணக் குளிசைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்து வந்தால், அந்தக் குளிசையே தலையிடியை வளர்க்கத் தொடங்கும் என்று வைத்தியர் விளக்கினார். அவருடைய கண்காணிப்பில் பரசிற்றமோலை நிறுத்தினேன். வலிப்புக் குளிசையைத் தொடவில்லை. அதை ஒருவரும் தாமாக நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு கிழமைகள் நரகம். அறையை இருட்டாக்கிவிட்டுப் படுத்திருப்பேன். மூன்றாம் மாதம் கலண்டரில் வட்டங்கள் ஒன்பதாகக் குறைந்தன. ஒன்பது இன்னும் இருக்கிறது. அது பூச்சியமாகும் என்று யாரும் எனக்கு உறுதி தரவில்லை. ஆனால் இருபத்திரண்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் பதின்மூன்று நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் நான் மகளுக்குக் கதை வாசிக்கிறேன்.

கடைசியாக ஒரு சிறு சம்பவம். கோயிலில் நடராசர் சந்நிதியில் அம்மாவோடு நின்றேன். அம்மா, “முயலகன் துலைஞ்சான் தம்பி” என்றார். நான் அந்தத் திருவடியின் கீழே பார்த்தேன். முயலகன் தொலையவில்லை. முதுகில் பாதம் ஊன்றியிருக்கிறது, கிடக்கிறான், ஆனால் உயிரோடு, தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறான். அன்றைக்கு என் தலையும் இடித்துக்கொண்டிருந்தது. வழமையானால், “ஓம் அம்மா” என்று சொல்லியிருப்பேன்.

“வலி போட்டுது அம்மா. தலை நோகுது” என்றேன்.

அம்மா என் தழும்பில் கை வைத்தார். “என்ன மாதிரி நோகுது?” என்று கேட்டார்.

நேயர்களே, நோயாளி ஒருவரைக் காணும்போது, “சுகம்தானே?” என்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த எழுத்தறிவு குறைந்த கிழவி கேட்ட கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்ல அவருக்குச் சற்று நேரம் எடுக்கலாம். சொல் உடனே வராமலும் போகலாம். காத்திருங்கள், வேண்டுமானால் ஒரு சொல்லை எடுத்துக் கொடுங்கள்.